மூன்று தடவை, மூன்று விடை

2025 ஜூலையில், கச்சான் காற்று முகத்தில் அனலாக அறைந்துகொண்டிருந்த ஒரு பகலில், காத்தான்குடியில் ஒரு கடைக்குள் நின்று, இருபது வயதுகூட ஆகியிராத ஒரு தம்பியைப் பார்த்து, "நீங்க கள்ளப் பென்ட்ரைவ் விக்கிறீங்க" என்று சொன்னேன். மெதுவாகவும் சொல்லவில்லை. போட்டோகொப்பி எடுக்க வந்து நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி கோபப்படவில்லை. "சேர், நம்மட மெசின்ல சரியாத்தானே காட்டுது" என்று திரையைத் திருப்பிக் காட்டினான். "உங்கட மெசின் உங்களுக்குச் சாதகமாத்தான் சொல்லும்" என்று சொல்லிவிட்டு இறங்கி, நடு வீதிப் பேரீச்சை மரங்களைப் பார்த்தபடி மோட்டார் சைக்கிளை உதைத்தேன். ஆரையம்பதிக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. அந்த ஐந்து நிமிடமும் நான் சொன்னது மிகச் சரி என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த வாக்கியம் எவ்வளவு பொருத்தமானது, ஆனால் யாருக்குப் பொருத்தமானது என்பது விளங்க மேலும் நாலு நாள் பிடித்தது.

விஷயம் மிகச் சாதாரணம். வீட்டில் இருந்தது 2014இல் மச்சான் கட்டாரிலிருந்து கொண்டுவந்த லப்டொப். நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி றாம் (மெசின் வேலை செய்யும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்). 2018இல் அது ஊரத் தொடங்கியபோது டவுனில் ஒரு கடையில் கொடுத்து இன்னுமொரு 4 ஜிபி போட்டுக்கொண்டேன். ரியூசனுக்கு வினாத்தாள் அடிக்க, கேத்திரகணிதப் படம் வரைய அது போதும். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிகிறது என்று அறிவித்துவிட்டார்கள். விண்டோஸ் 11 இந்த மெசினை ஏற்காது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். மகளுக்கு உயர்தரப் படிப்புக்கு ஒரு கணினி தேவை, புதிது வாங்கும் நிலையில் நான் இல்லை. சரி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். 22.1 பதிப்பு, 2029 வரை ஆதரவு உண்டு. கோப்பு மூன்று ஜிபிக்குக் கொஞ்சம்தான் குறைவு. என் போன் டேட்டாவில் அதை இறக்குவதற்கு, பைபர் இணைப்பு உள்ள அந்தக் கடையில் சொல்லி ஒரு புதுப் பென்ட்ரைவில் வாங்கிக்கொள்வது லாபம் என்று நினைத்தேன்.

அந்தக் கோப்பை லப்டொப்பில் கொப்பி செய்து, ரூபஸ் என்ற மென்பொருளால் பென்ட்ரைவில் எழுதி, அதிலிருந்து மெசினை எழுப்பினேன். அழகாக எழும்பியது. பச்சை இலை, டெஸ்க்டொப் எல்லாம் வந்தன. 'நிறுவு' என்பதை அழுத்தி, பெயர் கொடுத்து, ஊர் கொடுத்து, கோப்புகள் கொப்பியாகத் தொடங்கிக் கால்வாசிக்கு மேலே போனதும் நின்றுவிட்டது. பிழை எண் 5, உள்ளீடு வெளியீட்டுப் பிழை. அதன் கீழே ஒரு நீண்ட அறிவுரை. லினக்ஸ் நிறுவிப் பார்த்தவர்கள் இதை ஒருமுறையாவது கண்டிருப்பீர்கள். சிடி பழுதாக இருக்கலாம், சிடியைத் துடைத்துப் பாருங்கள், குறைந்த வேகத்தில் எழுதிப் பாருங்கள், ட்ரைவின் லென்ஸைச் சுத்தம் செய்யுங்கள், ஹாட் டிஸ்க் பழசாகிவிட்டதா என்று பாருங்கள், அல்லது கணினியைக் குளிரான இடத்துக்குக் கொண்டுபோங்கள். கச்சான் காலத்து மட்டக்களப்பில் குளிரான இடம்! நுவரெலியாவுக்கு பஸ் ஏறச் சொல்கிறதா என்று சிரித்தேன். சிரித்ததில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். சிடி, லென்ஸ், டிஸ்க், வெயில் என்று இத்தனை பேரைச் சந்தேகப்படும் அந்தப் பட்டியலில் றாம் என்ற பெயரே இல்லை.

கட்டளை அடிக்கும் டேர்மினலைத் திறந்து, இயங்குதளத்தின் கருவான கேர்னல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். ஸ்குவாஷ்எப்எஸ் பிழை, விரிக்க முடியவில்லை, தரவு அநேகமாகப் பழுது என்று வரி வரியாக ஓடியிருந்தது. மின்டின் முழு அமைப்பும் அந்தப் பென்ட்ரைவில் ஒரே பெரிய சுருக்கிய கோப்பாகத்தான் இருக்கும். நிறுவும்போது அதைத் துண்டு துண்டாக விரித்து டிஸ்கில் எழுதும். ஒரு துண்டு விரியவில்லை. 'அநேகமாக' என்ற சொல்லைப் போட்டவர் நிதானமான ஆள். நான் அந்தச் சொல்லைத் தாண்டி 'பழுது' என்பதை மட்டும் வாசித்தேன்.

பழுது என்றால் கோப்பைச் சரிபார்க்க வேண்டும். மின்ட் தளத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஷா256 கூட்டு, அதாவது கோப்பு முழுவதையும் வைத்துக் கணக்கிட்ட ஓர் அடையாளம், போட்டிருப்பார்கள்: 64 எழுத்து. கோப்பில் ஒரே ஒரு பிட் (ஒரு 0 அல்லது 1) மாறினாலும் அந்த 64உம் தலைகீழாகும். (இது பழுது பார்க்க மட்டுமல்ல. 2016 பெப்ரவரியில் மின்டின் தளத்துக்குள் யாரோ புகுந்து, இறக்கும் இணைப்பையே கள்ளக் கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து நான் பார்க்காமல் நிறுவுவதில்லை என்று ஊரெல்லாம் சொல்லுவேன். இந்த முறை பார்க்காமல்தான் தொடங்கினேன்.) பென்ட்ரைவை மீண்டும் கடைக்குக் கொண்டுபோய் மூலக் கோப்பைப் போட்டு வாங்கி வந்து, விண்டோஸில் கட்டளை கொடுத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள உட்கார்ந்த இடத்திலேயே மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் அதே பொருந்தாத விடை. அப்படியே கடைக்குப் போனேன். தம்பி திரும்ப இறக்கினான், வேறொரு புதுப் பென்ட்ரைவில் போட்டான், என் முன்னாலேயே கூட்டைப் பார்த்தான், பொருந்தியது. வீட்டுக்கு வந்தேன், பொருந்தவில்லை.

அதற்குப் பிறகு, கொள்ளளவைக் கூட்டிக் காட்டும் போலிப் பென்ட்ரைவ்களைக் கண்டுபிடிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன நிரலை ஓட்டினேன். அது பென்ட்ரைவ் முழுவதும் எழுதி, திரும்ப வாசித்து ஒப்பிடும். பிழை காட்டியது. எனக்கு வேறென்ன வேண்டும்? அச்சடித்த சாட்சியோடு கடைக்குப் போனேன். முதல் பந்தியில் சொன்ன கூத்து அன்றுதான் நடந்தது.

அந்த முடிவுத் தாளைப் பிற்பாடு எடுத்துப் பார்த்தேன். போலிப் பென்ட்ரைவ் என்றால் பாதிக் கொள்ளளவு காணாமல் போயிருக்கும், ஜிபி கணக்கில் பிழை வரும். எனக்கு வந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய சில துண்டுகள். அவையும் 'சற்று மாறியவை, ஒரு துண்டில் எட்டுப் பிட்டுக்கும் குறைவாக' என்ற வரியில். எவ்வளவு பிழை, எந்த வகைப் பிழை என்று அந்த நிரல் பிரித்தே சொல்லியிருக்கிறது. முப்பது வருடமாகப் பிள்ளைகளிடம் 'கேள்வியை முழுசா வாசி' என்று கத்துகிற ஆள் நான்.

இன்னுமொன்று. தமிழ் ஊரான ஆரையம்பதியிலிருந்து போகிற ஒருவர் முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் ஒரு கடையில் நின்று 'கள்ளம்' என்று சத்தமாகச் சொன்னால், அது ஒரு பென்ட்ரைவோடு நின்றுவிடும் சொல் அல்ல. இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்று திரும்பிப் பார்த்த நாலு பேரின் முகம்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

கரண்ட் போன இரவு

அந்த வார இறுதியில், விண்டோஸில் ஏதும் வைரஸ் இருந்து கணக்கைக் குழப்புகிறதோ என்று ஒரு சந்தேகம் வந்தது. பென்ட்ரைவிலிருந்து மின்டை எழுப்பி, லப்டொப் டிஸ்கில் இருந்த அதே கோப்பை லினக்ஸ் பக்கமிருந்து பார்ப்போம் என்று இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தேன். கட்டளை கொடுத்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் டிஸ்க் கறகற என்றது. விடை வந்தது, பொருந்தவில்லை. கடைசி இரண்டு எழுத்து '7பி'. பக்கத்தில் கிடந்த வினாத்தாளின் பின்புறத்தில் அதைக் குறித்தேன். ஏன் குறித்தேன் என்று இப்போதும் தெரியாது. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. லப்டொப்பின் பட்டரி செத்துப் பல வருடம், அதனால் மெசினும் அந்தக் கணமே போனது. ஒழுங்கை முழுக்க இருட்டு. பக்கத்து வளவில் நாய் குரைத்தது. அம்மா உள்ளே இருந்து, "அந்தப் பெட்டிய மூடி வெச்சிட்டுப் படு மகன், மறுகா பாப்பம்" என்றார். பத்து நிமிடத்தில் கரண்ட் வந்தது. நான் படுக்கவில்லை. திரும்ப எழுப்பினேன், அதே கட்டளை, அதே கோப்பு, அதே கறகற. விடையின் கடைசி இரண்டு எழுத்து 'சி0'.

நான் தவறாகக் குறித்திருப்பேன் என்றுதான் முதலில் நினைத்தேன். தாளைப் பார்த்தேன், தெளிவாக 7பி. கோப்பைத் தொடவில்லை. டிஸ்கில் அது அப்படியே கிடக்கிறது. ஒரே கோப்புக்கு இரண்டு கூட்டு இருக்க முடியாது. மெசினை நானே அணைத்து, பத்து எண்ணி, மூன்றாம் தடவை எழுப்பி ஓட்டினேன். இந்தத் தடவை வந்த விடையைப் போனில் திறந்து வைத்திருந்த மின்ட் தளத்தோடு ஒப்பிட்டேன். முதல் எழுத்து சரி, இரண்டாவது சரி. விரலை வைத்து 64 எழுத்தையும் இரண்டு முறை பார்த்தேன். எல்லாம் சரி. தம்பி தந்த கோப்பு ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இந்தக் கலக்கம் தெரியும். புள்ளிகளைக் கூட்டுகிறோம், 67 வருகிறது. திரும்பக் கூட்டினால் 71. மூன்றாம் தடவை 69. அந்த இடத்தில் பிள்ளையின் தாளை யாரும் குறை சொல்வதில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கப் போவோம்.

நடந்தது இதுதான். ஒரு கோப்பை வாசிக்கும்போது கேர்னல் அதை றாமில் எங்கெங்கே இடமிருக்கிறதோ அங்கெல்லாம் கொண்டுபோய் வைக்கும். கூட்டு போடுவது அந்தப் பிரதிக்குத்தான். றாமில் ஒரு மூலை கெட்டிருந்தால், கோப்பின் எந்தத் துண்டு அந்த மூலையில் போய் விழுகிறதோ அது மாறும். மெசினை அணைத்து எழுப்பும் ஒவ்வொரு முறையும் துண்டுகள் வேறு வேறு இடத்தில் விழும், விடையும் வேறாகும். அதிர்ஷ்டம் இருந்தால் கெட்ட மூலையில் எதுவுமே விழாது. ஆனால் அணைக்காமல் திரும்பத் திரும்ப ஓட்டினால்? ஒருமுறை வாசித்ததை, இடம் இருக்கும்வரை, றாமிலேயே வைத்துக்கொள்வதுதான் லினக்ஸின் வழக்கம், விண்டோஸின் வழக்கமும். டிஸ்குக்கோ பென்ட்ரைவுக்கோ திரும்பப் போகவே மாட்டாது. அதே கெட்ட பிரதி, அதே பிழையான விடை. நான் உட்கார்ந்த இடத்தில் மூன்று தடவை பார்த்து 'உறுதி' செய்தேனே, அது ஒரே பொய்யை மூன்று தடவை கேட்டது. கரண்ட் மட்டும் போயிராவிட்டால் அன்றைக்கும் 7பி, 7பி, 7பி என்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன். மின்சாரம் போனதற்கு நன்றி சொன்ன ஒரே இரவு அது.

என்னை உறுத்துவது இதுகூட அல்ல. முதல் பென்ட்ரைவில் வந்த பிழையான விடையும் இரண்டாவது பென்ட்ரைவில் வந்த பிழையான விடையும் என்னிடம் இருந்தன. இரண்டையும் தளத்திலிருந்த சரியான விடையோடு ஒப்பிட்டேனே தவிர, பிழையான இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடவில்லை. கடையின் கோப்பு பழுதென்றால் இரண்டு தடவையும் ஒரே பழுது வந்திருக்க வேண்டும். வேறு வேறாக வந்திருந்தது. பார்த்திருந்தால் கடைக்கே போயிருக்க மாட்டேன்.

ஏழு வருடம் இந்த றாமோடு விண்டோஸ் ஓடியதே என்று கேட்கலாம். ஓடியது, எப்போதாவது நீலத் திரை காட்டும். விண்டோஸ் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடுவோம். சாதாரண வேலையில் அந்த மூலையில் ஏதாவது விழுந்தாலும் பெரும்பாலும் வெளியே தெரியாது. சுருக்கிய கோப்பு அப்படியல்ல. ஒரு பிட் மாறினாலும் அந்தத் துண்டு முழுவதும் விரியாமல் அடம்பிடிக்கும். நிறுவும்போது றாமின் எல்லா மூலையும் ஜிபி கணக்கில் நிரம்பி வழியும் வேறு. லினக்ஸ் போடப்போய் மெசின் கெட்டது என்று சிலர் சொல்வார்கள். கெட்டுக் கிடந்ததை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் லினக்ஸ்தான்.

சிவப்பு வரிகள்

அடுத்த நாள் மெம்டெஸ்ட்86+ஐ ஒரு பென்ட்ரைவில் போட்டு, அனுமதியில்லாத நிரல் எழும்பாமல் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு ஓட்டினேன். இது எந்த இயங்குதளமும் இல்லாமல் தானே எழும்பி, றாமின் ஒவ்வொரு முகவரியிலும் ஒன்றை எழுதி, திரும்ப வாசித்து, எழுதியதுதான் வருகிறதா என்று பார்க்கும். இருபது நிமிடத்தில் திரை சிவந்தது. எழுதியது ஒன்று, வாசித்தது ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே பிட். அப்படியே வரி வரியாக.

பின்மூடியைக் கழற்றினேன். கடல் கூப்பிடு தூரம். இங்கே உப்புக் காற்றில் ஆணிகூடத் தாங்காது. றாமின் பொன்னிறப் பற்களில் கறை ஏறியிருக்கும் என்று மகளின் அழிறப்பரால் இரண்டையும் தேய்த்துப் போட்டேன். இந்த வைத்தியம் பல மெசின்களுக்குப் பலித்திருக்கிறது. இதற்குப் பலிக்கவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக: பழைய றாம் மட்டும் முதல் பொருத்தில், பிறகு இரண்டாம் பொருத்தில், 2018இல் போட்ட றாம் மட்டும் முதல் பொருத்தில், பிறகு இரண்டாம் பொருத்தில். நாலு சேர்க்கை, இரண்டு இரவு. பிழை 2018இன் றாமோடு சேர்ந்தே நடந்தது. அது எந்தப் பொருத்தில் இருந்தாலும் சிவப்பு, பழையது எங்கே இருந்தாலும் சுத்தம். கெட்ட முகவரிகளைத் தொடாதே என்று கேர்னலுக்குச் சொல்லிவிட்டு அதையே வைத்து ஓட்டவும் வழி உண்டு. நாலு ஜிபியை இழக்க மனமில்லாமல் கொஞ்சம் யோசித்தேன். பிறகு கழற்றி மேசையில் வைத்தேன்.

வாரக்கடைசியில் ஓடவிட்ட வேலையை, பிழை வந்துவிட்டது என்று மெசின் இடையில் கைவிட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன ஹாமிங் என்ற கணிதக்காரர், பிழையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மெசினுக்குத் திருத்தவும் தெரிந்தால் என்ன என்று கேட்டு 1950இல் அதற்கொரு குறிமுறையை வெளியிட்டார். அந்த வழியில் வந்ததுதான் சேர்வர்களில் போடும் றாம். 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் மாறினால் தானே திருத்திக்கொள்ளும். எழுபத்தைந்து வருடமாகியும் வீட்டு லப்டொப்புகளுக்கு அது வந்து சேரவில்லை.

4 ஜிபியோடு மின்டை நிறுவினேன். எந்த வம்பும் இல்லாமல் முடிந்தது. இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எழுத இருப்பது வேறு. அப்பா இறந்த முப்பத்தோராம் நாள் சடங்கன்று எடுத்த படங்களில் மூன்று, நடுவிலிருந்து கீழே இளஞ்சிவப்பாகவும் பச்சையாகவும் பட்டை பட்டையாக இருக்கும். ஒன்றில் அம்மா விளக்குக்கு எண்ணெய் விடுகிறார். முகம் சரியாக இருக்கிறது, கைக்குக் கீழே எல்லாம் நிறம் சரிந்து ஓடியிருக்கிறது. அது 2019. போனின் மெமரி கார்ட் கெட்டுவிட்டது என்று அப்போது அதைக் குப்பையில் போட்டேன். படங்களை லப்டொப்புக்கு மாற்றி, அங்கிருந்து எக்ஸ்டர்னல் ஹாட் டிஸ்குக்கு மாற்றியது இந்த மெசின்தான். படக் கோப்பில் ஒரு பிட் மாறினால், மாறிய இடத்திலிருந்து கீழே இப்படித்தான் நிறம் சரியும். இதைச் செய்தது அந்த றாம்தான் என்று என்னால் நிறுவ முடியாது. கார்ட் இல்லை, மூலப்படமும் இல்லை. நிறுவ முடியாததை வைத்து இன்னொருவரைக் குற்றம் சொல்லும் தைரியமும் இப்போது இல்லை.

ஒரு திங்கள் பின்னேரம் அந்த றாமைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போகலாமா என்று நினைத்து, அது சரியில்லை என்று, ஆள் இருக்கிற நேரமே போனேன். "தம்பி, பிழை என்ட மெசின்ல. உங்கட கோப்பும் சரி, பென்ட்ரைவும் சரி. அண்டைக்கு நான் சொன்னது முழுக்கப் பிழை" என்றேன். அவன் சங்கடப்பட்டு, "அதெல்லாம் என்ன சேர்" என்று சொல்லிவிட்டு, பேச்சை மாற்றுகிறவன்போலக் கையை நீட்டி றாமை வாங்கினான். ஸ்டிக்கரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"சேர், ஒங்கட மெசின் நாலாம் தலைமுறைதானே?"

"ஓம்."

"அதுக்குப் பிசி3எல் போடணும், 1.35 வோல்ட். இது வெறும் பிசி3. 1.5 வோல்ட் கேட்கும். எல் இல்ல பாருங்க."

பார்த்தேன். பழைய றாமில் 'பிசி3எல்-12800' என்று இருந்தது நினைவுக்கு வந்தது. இதில் அந்த ஒரு எழுத்து இல்லை. நாலு சேர்க்கை போட்டு, இரண்டு இரவு விழித்து, அழிறப்பரால் தேய்த்து, ஸ்டிக்கரை மட்டும் வாசிக்கவில்லை. மின்னழுத்தம் போதாத இடத்தில் இப்படியான றாம் சில மெசினில் எழும்பவே மாட்டாதாம், சிலதில் எழும்பிவிட்டு இப்படிக் கூத்தாடுமாம். தம்பி மூலையில் கிடந்த, 1.5 வோல்ட் எடுக்கிற பழைய லப்டொப் ஒன்றில் அதைப் போட்டு மெம்டெஸ்ட்டை ஓடவிட்டான். மஃரிபுக்குக் கடை சாத்தும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். திரை நீலமாகவே இருந்தது. மறுநாள் காலை போன் எடுத்தான். "விடிய விடிய ஓடிச்சி சேர். ஒரு பிழையும் இல்ல."

றாமை அந்த மெசினிலேயே விட்டுவிடச் சொன்னேன். காசு தர நின்றான், நான் வாங்கவில்லை. அப்படியென்றால் போட்டோகொப்பிக் கணக்கில் ஆயிரம் ரூபாய் வைத்துக்கொள்கிறேன் என்று கொப்பியில் எழுதினான். போன கிழமை தரம் பதினொன்றுக்கு முப்பது பிரதி எடுத்தேன். கணக்கில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.